பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடல் இல்லாத கொங்குச் சீமையில் கடற்படைப் பதக்கத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். கோவை ரெட்ஃபீல்ட்ஸிலேயே ஐஎன்எஸ் அக்ரணி என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் குடும்பங்களும் இங்கே உண்டு. அந்த வீட்டு டிரங்குப் பெட்டிகளை நினைத்துத்தான் பேச வந்தேன்.

பழைய பதக்கம் கிடைத்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தில் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். விட்டம் 36 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய நாலு பவுன். லட்சக்கணக்கில் அடித்ததால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எண், பெயர், பதவி, படை என்று இன்னாருடையது எனச் சொல்வது விளிம்பு எழுத்துதான். ஆர்.என். என்றிருந்தால் பிரிட்டிஷ் கடற்படை, ஆர்.ஐ.எம். என்றால் ராயல் இந்தியன் மரைன், அதாவது அன்றைய இந்தியக் கடற்படை.

பெரும்பாலும் அது வெள்ளி. அதுவே அதற்கு வினை. கடையில் எடை போட்டு உருக்கினால் கிடைப்பது நாலு பவுன் எடை வெள்ளிக்கான காசு, அவ்வளவுதான். அந்த மனிதர் போருக்குப் போனதற்கு வீட்டில் இருந்த ஒரே அடையாளமும் போய்விடும். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குக் கொடுத்தவை ஆறுமுனை நட்சத்திர வடிவப் பதக்கங்கள். பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியர்களுக்குப் பெயர் பொறித்தே வந்தது. 1942 நவம்பர் 11 அன்று, பெங்கால் என்ற நம் சின்னக் கப்பல், ஓண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலோடு சேர்ந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. அதில் ஒன்று மூழ்கியே போனது. அப்படிப்பட்ட மாலுமிகளின் பெயர்கள் ஐயா அவை!

வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று. பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறிப்பது உண்டு. அராவிய இடத்தில் விட்டம் ஒரு நூலிழை குறையும். நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி இல்லாத பட்டறை கோயம்புத்தூரில் ஏது? நாலு திசையிலும் வைத்து அளந்து பாருங்கள். ரிப்பனை நம்ப வேண்டாம், அதை யாரும் மாற்றிவிடலாம்.

அப்புறம், விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பென்சிலால் விளிம்பெழுத்தைத் தாளில் படியெடுத்து, யாருடைய தாத்தா, எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதிலேயே எழுதி வையுங்கள். நூறு வருடம் கடந்த பதக்கத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வணக்கம்.