ஓசிடி எவ்வளவு கடுமை? பத்துக் கேள்வியில் அளக்கும் முறை

(திரையில்: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த். ஒரு சமையலறை.)

புரட்டாசி வந்தால் டர்பன் தமிழ் வீடுகளில் கறிச் சட்டி மேலே ஏறிவிடும், விரதச் சட்டி கீழே இறங்கும். காமாட்சி விளக்கைப் பிராசோ பாலிஷ் போட்டுப் பளபளவென்று துலக்குவார்கள். யாரும் இதை நோய் என்று சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

இப்போது ஒரு அக்காவை நினைத்துக்கொள்வோம். விளக்கைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புகிறார். துணியின் ஓரம் அதில் பட்டதோ என்று ஒரு சந்தேகம். திரும்பவும் முதலிலிருந்து கழுவுகிறார். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது, பிள்ளைகள் பசியோடு நிற்கிறார்கள். 'பட்டிருக்காது' என்று அவருக்கே தெரிகிறது. ஆனாலும் கை குழாயைத் திறக்கிறது. இப்படி வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்தான் ஓசிடி.

விரதத்துக்காக நம் ஆயாவும் (பாட்டி) விளக்கைக் கழுவினார், அக்காவும் கழுவுகிறார். வித்தியாசத்தை எப்படி அளப்பது?

(திரையில்: 0 முதல் 40 வரை ஒரு கோடு.)

உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது யேல்-பிரவுன் அளவுகோல். மனநல மருத்துவர் வேய்ன் குட்மன் குழுவினர் 1989இல் வெளியிட்டார்கள். இதோடு 50க்கு மேற்பட்ட அறிகுறிகளின் பட்டியல் ஒன்றும் உண்டு: அழுக்குப் பயம், பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, எண்ணுவது என்று போகும். சாமி முன் நின்றால் தகாத எண்ணம் வருவது, பெற்ற பிள்ளைக்கே தீங்கு செய்துவிடுவோமோ என்ற பயம், இவையும் அதில் இருக்கும். என்னைக் கேட்டால் பட்டியலின் பெரிய பலன் இதுதான். கணவரிடம்கூடச் சொல்லாததை, டாக்டர் தாளைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்கும்போதுதான் பலர் "ஆமாம்" என்கிறார்கள்.

மதிப்பெண் அந்தப் பட்டியலுக்கு இல்லை. எது வருகிறது என்பதை விட்டுவிட்டு, அது எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்று கேட்பார்கள். எண்ணங்களுக்கு ஐந்து கேள்வி, செய்கைகளுக்கு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை.

முதல் கேள்வி நேரம். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1, மூன்று மணி வரை 2, எட்டு மணி வரை 3, அதற்கும் மேலே போனால் 4. அப்புறம் வேலையும் குடும்பமும் எவ்வளவு கெடுகிறது, மனம் எவ்வளவு தவிக்கிறது, எவ்வளவு எதிர்த்துப் பார்க்கிறீர்கள், எவ்வளவு அடக்க முடிகிறது.

எதிர்க்கும் கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணத்தோடு மல்லுக்கு நின்றால் இங்கே குறைந்த மதிப்பெண், அதாவது நோய் லேசு என்று கணக்கு. சிகிச்சையிலோ, எண்ணம் வந்தால் வரட்டும், கழுவாமல் இருங்கள் என்று பழக்குகிறார்கள். 2010இல் வந்த இரண்டாம் பதிப்பு எண்ணத்தை எதிர்க்கும் கேள்வியை எடுத்துவிட்டு, எண்ணம் இல்லாமல் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று கேட்கிறது. அதில் மொத்தம் 50. அதனால் யாராவது "எனக்கு 24" என்றால், எத்தனைக்கு என்று கேளுங்கள்.

(திரையில்: பழைய பதிப்பின் கட்டங்கள்.)

40க்கு என்றால் 8 முதல் 15 லேசு, 16 முதல் 23 நடுத்தரம், 24 முதல் 31 கடுமை, அதற்கு மேலே மிகக் கடுமை. இந்த எண்ணை மட்டும் வைத்து ஓசிடி என்று முடிவு கட்ட முடியாது, அதற்கு டாக்டர் உட்கார்ந்து பேசவேண்டும்.

இன்னொன்று. அக்காவுக்காக அவர் கணவரே பாத்திரம் கழுவிவிட்டால், நேரக் கணக்கு குறைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். வீட்டார் செய்துகொடுப்பதையும், அவர் தவிர்த்து ஒதுங்குவதையும் சொல்லியே ஆகவேண்டும்.

சிகிச்சை தொடங்கியபின் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். ஆய்வுகளில் 35 சதவீதம் குறைந்தால் பலன் என்று பெரும்பாலும் கொள்கிறார்கள். 28 என்பது 18 ஆனால் அந்தக் கணக்கில் பலன்தான், ஆனால் 18 இன்னும் நடுத்தரக் கட்டம். மொத்தத்தோடு நிறுத்தாமல் பத்துக் கேள்வியின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். எது இறங்கவில்லையோ, அடுத்த சந்திப்பில் அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.