"வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகு

நேயர்களுக்கு வணக்கம். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். பையைக் கட்டியாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. நடுவில் என்ன நடக்கிறது?

மருந்துத் திருப்புதலைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் பெயரில் வார்டுக்கு 10 ஊசிமருந்து வந்திருக்கும். 6 தான் போட்டிருப்பார்கள். மீதி 4-ஐ நர்ஸ் எண்ணி ஃபார்மசிக்கு அனுப்ப வேண்டும். அங்கே பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து வரவு வைப்பார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்தென்றால் திரும்ப எடுப்பார்களா என்பதே தனி வழக்கு. அதுவரை பில்லை மூட முடியாது. கூடவே, டாக்டர் எழுதிவிட்டுப் பிறகு வேண்டாமென்ற ரத்தப் பரிசோதனை ஒன்று கணினியில் "நிலுவை" என்று நிற்கும். அதை யார் நீக்குவது என்று வார்டும் லேபும் மாறிமாறிப் போன் போடும்.

"எல்லாம்தான் கம்ப்யூட்டர் ஆயிடுச்சே" என்பீர்கள். ஆயிற்று. லேபுக்கு ஒன்று, ஃபார்மசிக்கு ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று! ஒன்றில் பதிந்தது மற்றொன்றுக்குத் தெரியாது. இவை இணைந்திருந்தால், முதல்நாள் மாலை "நாளை டிஸ்சார்ஜ்" என்று டாக்டர் குறித்ததுமே எல்லாப் பிரிவுக்கும் தகவல் போய்விடும். மருந்து அன்றைக்கே திரும்பும். டிஸ்சார்ஜ் சம்மரி என்ற சிகிச்சைச் சுருக்கமும் வரைவாக நிற்கும், டாக்டர் திருத்திக் கையெழுத்திட்டால் போதும்.

கேஷ்லெஸ் இன்சூரன்ஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, இருப்பவர்கள் கவனியுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியைக் காப்பீட்டு நிறுவனம் 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியின் கோரிக்கை போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து அல்ல. பில் மூடாமல் கோரிக்கை போகாது. மருந்து திரும்பாமல் பில் மூடாது. பார்த்தீர்களா, மறுபடி அந்த 4 ஊசிமருந்துக்கே வந்துவிட்டோம்.

கணினி வந்த பிறகும் நோட்டை விடாத வார்டுகள் உண்டு. இரண்டிலும் எழுத நர்ஸுக்கு ஏது நேரம்? நோட்டில் உடனே, கணினியில் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக. அப்புறம் கணினி காட்டும் நேரத்தை நம்பி எந்தத் தாமதத்தைக் கண்டுபிடிப்பது? கணினியில் பதிவு நிலைத்ததும் நோட்டை நிறுத்த ஒரு தேதி குறித்தே ஆக வேண்டும்.

நெட்வொர்க் நின்றால் என்ன செய்வது என்பதையும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும். பதிவு கவுன்டரில் ஆஸ்பத்திரி முன்பு தந்த பழைய எண்ணையோ, ஆபா என்ற 14 இலக்க அரசு சுகாதாரக் கணக்கு எண்ணையோ சொல்லுங்கள். சீட்டு தொலைந்ததென்று புதிதாகப் பதியாதீர்கள். பதிந்தால், உங்கள் அலர்ஜிக் குறிப்பு பழைய எண்ணிலும், இன்றைய மருந்துச் சீட்டு புது எண்ணிலும் கிடக்கும். நன்றி, வணக்கம்.