இந்தத் தடவை கண்ணில் தையலே இல்லை!

வணக்கம், வணக்கம். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து ஸ்டைல் என்று நினைத்துவிடாதீர்கள். இடது கண்ணிலும் சதையை எடுத்தாயிற்று. டெரிஜியம், அதாவது வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் படர்ந்து வளரும் சதை. இன்றோடு ஐந்தாம் நாள்.

வலது கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் போட்ட புலம்பல் வீடியோ உங்களுக்குத் தெரியும். அந்தத் தையல் முடிச்சு! தலைமுடியைவிட மெல்லிய நூல்தான். ஆனால் மூக்கோரம் இருந்த ஒரே ஒரு முடிச்சு, இமைக்கும்போதெல்லாம் மணல் விழுந்த மாதிரி உரசியது. நேராகப் பார்த்தால் சும்மா இருக்கும், மூக்குப் பக்கம் விழியைத் திருப்பினால் குத்தும். மூன்று வாரம் கழுத்தைத் திருப்பித்தான் உலகத்தைப் பார்த்தேன். "அது தானாகக் கரைந்துவிடும்" என்று கமெண்டில் சொன்னவர்களே, கரையும்தான். கரைகிற வரைக்கும் எனக்குப் பதில் நீங்களா இமைத்தீர்கள்?

இந்தத் தடவை பசை, ஃபைப்ரின் க்ளூ. ரத்தத்தை உறைய வைக்கும் இரண்டு புரதங்கள், ஃபைப்ரினோஜென் ஒன்று, த்ராம்பின் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் சில நொடிகளில் இறுகிவிடும். காயத்தில் ரத்தம் உறைகிறதே, அதே வேலை. ஊசி, நூல், முடிச்சு எதுவும் கிடையாது!

அடடா, எதை ஒட்டுகிறார்கள் என்றே சொல்லவில்லையே. சதையை எடுத்த இடத்தை வெறுமனே விட்டால் மறுபடி வளர வாய்ப்பு அதிகம். அதனால் மேல் இமைக்குள் மறைந்திருக்கும் வெள்ளை விழியிலிருந்து மெல்லிய படலத்தை உரித்து அங்கே வைக்கிறார்கள். 1985இல் கென்யன் என்ற கண் மருத்துவரின் குழுவினர் எழுதிய பிறகு பிரபலமான முறை இது.

சும்மா புகழக் கூடாது, முதல் இரண்டு நாள் வலி இரண்டு கண்ணிலும் ஒன்றுதான். கருவிழியில் சுரண்டிய இடம் ஆற வேண்டுமே, அதற்குப் பசை என்ன செய்யும்? மூன்றாம் நாள் காலையில்தான் வித்தியாசம் தெரிந்தது. மூக்குப் பக்கம் பார்த்தேன். குத்தவில்லை. மறுபடி பார்த்தேன். ஒரு பத்து தடவையாவது பார்த்திருப்பேன், பைத்தியம் மாதிரி.

அப்புறம், இந்தப் பசை, தானம் கொடுத்தவர்களின் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து வருகிறது. அது வேண்டாம் என்பவர்களுக்கு, அங்கே கசியும் சொந்த ரத்தத்தையே உறையவிட்டு ஒட்டும் வழியும் உண்டு. படலம் நகர்ந்துவிடும் பயம் அதில் கொஞ்சம் கூடுதல். கண்ணைக் கசக்கும் என் பழக்கம் உங்களுக்கே தெரியும், எனக்கு அது சரிப்படாது.

சரி, சொட்டு மருந்துக்கு அலாரம் அடிக்கிறது. கண்ணாடியைக் கழற்றுகிறேன், யாரும் பயப்படாதீர்கள், இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும்.