பசித்த நாட்டில் ஒரு விருந்து மேசை

அவையில் கூடியிருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோ இயக்குநர் கியெர்மோ தெல் தோரோ 2006ஆம் ஆண்டு எடுத்த ‘பேன்ஸ் லாபிரிந்த்’ திரைப்படத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், போரின் கொடுமை தாங்காத ஒரு சிறுமி கற்பனைக்குள் ஒளிந்துகொள்ளும் கதை என்று அதைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறுமி ஒஃபேலியா சென்று சேரும் மாய உலகம் அவள் வாழும் வீட்டைவிட எந்த வகையிலும் பாதுகாப்பானது அன்று. அங்கும் கட்டளை இருக்கிறது, பசி இருக்கிறது, குழந்தைகளைத் தின்பவனும் இருக்கிறான்.

கதை நிகழும் ஆண்டு 1944. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1936 ஜூலையில் தொடங்கி 1939 ஏப்ரலில் இராணுவத் தளபதி ஃபிராங்கோவின் வெற்றியோடு முடிந்துவிட்டதாக வரலாற்று நூல்கள் சொல்லும். மலைக்காடுகளில் அது முடியவில்லை. தோற்ற குடியரசுத் தரப்பில் எஞ்சியவர்கள் துப்பாக்கியோடு காட்டில் பதுங்கியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகள் பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கிய செய்தி வந்தபோது, அடுத்து ஃபிராங்கோவின் முறை என்று நம்பினார்கள். படத்திலும் அந்தச் செய்தியை அவர்கள் ஆவலோடு படிக்கிறார்கள். ஆனால் நேச நாடுகள் ஸ்பெயினுக்குள் வரவேயில்லை என்பதை அறிந்த நமக்கு, அந்த மகிழ்ச்சியைப் பார்ப்பதே வேதனையாக இருக்கிறது.

நாடு முழுவதும் உணவுப் பங்கீடு. 1939இல் வந்த ரேஷன் அட்டை 1952 வரை நீடித்தது. ஒஃபேலியாவின் மாற்றாந்தந்தையும் ஃபிராங்கோ படையின் கேப்டனுமான விடால், பழைய மாவு மில் ஒன்றைப் படைமுகாமாக்கி, உணவையும் மருந்தையும் அங்கே பூட்டி வைத்திருக்கிறான். ஐக்கிய ஸ்பெயினில் அடுப்பெரியாத வீடோ ரொட்டியில்லாத வீடோ கிடையாது என்று வீரர்கள் உரக்க அறிவித்தபடி, வரிசையில் நிற்கும் ஊர்மக்களுக்கு ரொட்டி கொடுக்கிறார்கள். உள்ளே நடக்கும் விருந்திலோ மேயரும் பாதிரியாரும் சீமாட்டிகளும் அமர்ந்திருக்க, குடும்பத்துக்கு ஓர் அட்டை போதும் என்று விடால் முடிவு செய்கிறான். மக்கள் சிக்கனமாக இருந்தால் அது தாராளம் என்று பாதிரியார் ஒத்து ஊதுகிறார்.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு வாருங்கள். சாக்பீஸால் சுவரில் ஒரு கதவை வரைந்து, அதைத் திறந்து ஒஃபேலியா நுழையும் கூடத்தில், நீண்ட மேசை நிறையப் பழங்களும் இறைச்சியும் குவிந்திருக்கின்றன. அதன் தலைமாட்டில், முகத்தில் கண்களற்று, தோல் தொங்கத் தொங்க ஒரு வெளிறிய மனிதன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் கணப்பு எரிகிறது, விடாலுக்குப் பின்னால் எரிந்ததைப் போலவே. சுவர் ஓவியங்களில் அவன் குழந்தைகளைத் தின்றுகொண்டிருக்கிறான். ஒரு மூலையில் சிறு சிறு காலணிகள் குவிந்து கிடக்கின்றன. நாஜி வதைமுகாம்கள் இயங்கிய 1944ஆம் ஆண்டின் ஐரோப்பாவில் அந்தக் குவியலுக்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு உணவு இருந்தும் அவன் அதைத் தொடுவதில்லை. பிறர் ஒரு துண்டை எடுத்தால்தான் விழித்தெழுகிறான். தட்டிலிருக்கும் கண்களை எடுத்து உள்ளங்கைகளில் பதித்துக்கொண்டு பார்க்கிறான். பதுக்கி வைத்த அதிகாரத்தின் இயல்பை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் கண்டதில்லை.

ஒஃபேலியா அங்கே இரண்டு திராட்சைகளைத் தின்றுவிடுகிறாள். முதல் நாள் உடையைச் சேறாக்கியதற்காக இரவு உணவின்றிப் படுக்க அனுப்பப்பட்ட பிள்ளை அவள். உண்ணாதே என்ற எச்சரிக்கையை மீறியதற்கு, உடன்வந்த மூன்று தேவதைகளில் இருவர் பலியாகிறார்கள். ஆகவே கீழ்ப்படிய மறுப்பதெல்லாம் வீரம் என்று இந்தப் படம் எளிதாகச் சொல்லிவிடவில்லை. வதைபட்டுக் கிடக்கும் ஒரு கைதியின் வேண்டுகோளுக்கிணங்கி அவன் வேதனையை முடித்துவைக்கும் மருத்துவர், ஏன் என் ஆணையை மீறினாய் என்று கேட்கும் விடாலிடம், யோசிக்காமல் பணிவது உங்களைப் போன்றவர்களால்தான் முடியும் என்று பதில் சொல்லி, முதுகில் குண்டு வாங்குகிறார். இறுதியில், மாய உலகிலிருந்து அவளுக்குக் கட்டளையிடும் ஆட்டுக்கொம்பு முளைத்த உயிரியான ஃபான், பிறந்த குழந்தையான தம்பியின் இரத்தத்தில் ஒரு துளி கேட்கும்போது ஒஃபேலியாவும் மறுக்கிறாள். இந்த முறை தூண்டியது பசியன்று, மனச்சான்று. மாய உலகத்தின் அதிகாரத்தையும் அவள் எதிர்த்து நின்றாள் என்பதால்தான், இதைத் தப்பித்தலின் கதை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

விடாலின் முடிவையும் சொல்ல வேண்டும். போர்க்களத்தில் இறந்த தந்தையின் உடைந்த கடிகாரத்தைப் பேணி வந்தவன், தான் இறந்த நேரத்தை மகனிடம் சொல்லும்படி கிளர்ச்சியாளர்களிடம் கேட்கிறான். உன் பெயர்கூட அவனுக்குத் தெரியப்போவதில்லை என்கிறாள், அவன் வீட்டில் வேலை செய்த மெர்சேதெஸ். மெய்யான ஸ்பெயினில் நடந்தது நேர்மாறானது. பெயரின்றிக் குழிகளில் புதைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோற்ற தரப்பினர். அவர்களைத் தோண்டியெடுத்து அடையாளம் காண அரசு துணைநிற்க வேண்டும் என்று கூறிய வரலாற்று நினைவுச் சட்டம், இந்தப் படம் வெளியான மறு ஆண்டில்தான், 2007இல், நிறைவேறியது.