ஒரு கரண்டி என்றால் எவ்வளவு?

வணக்கம். இந்த நேரத்தில் உங்களில் பலர் கையில் தேநீர் இருக்கும். கீழே வைக்க வேண்டாம், குடித்துக்கொண்டே கேளுங்கள். நான் பேச வந்ததே அந்தக் கோப்பையைப் பற்றித்தான்.

நம் மொரீஷியஸின் தெற்கே சவான் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சுரினாம், ஷெமேன் கிரெனியே, கான் தியாப், எல்லாம் கரும்புக்கு நடுவே இருக்கிற ஊர்கள். ஓய்வு பெற்ற பிறகும் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். சர்க்கரை நோய் வந்தவர்களைப் பார்க்க டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் போவது இன்னும் வராதவர்களைப் பார்க்க. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு வந்தாய்?" என்று கேட்பவர்கள் வீட்டுக்கு.

முதலில் ஒரு பழைய கதை. 1987-இல் நம் நாட்டில் பெரிய அளவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, இந்திய வம்சாவளி, ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல், சீனர் என்று எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் சர்க்கரை நோய் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. நம்மவர்கள் "அது நம்ம ரத்தத்திலேயே இருக்கு" என்று கையை விரிப்பார்கள். பாதிதான் சரி. மூன்று கூட்டத்துக்கும் ரத்தம் வேறு வேறு. ஆனால் கடை ஒன்று, ரொட்டி ஒன்று, சர்க்கரை மூட்டை ஒன்று.

அதன் பிறகு அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. அப்போது வீடுகளில் வாங்கிய ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அதை சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992-இல் மறுபடி பார்த்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலில் இருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. பிரசாரமும் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் கணிசமான பங்கு போத்தலுக்குள் மாறிய எண்ணெய்க்குத்தான். நம் சமையலறையில் யாரும் எதையும் மாற்றிச் செய்யவில்லை. அதே வாணலி, அதே பொரியல்.

சர்க்கரை நோய் அப்படி இறங்கவில்லை. ஏறியது. இன்று பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. 2013-இல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு வரியும் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் எந்த மந்திரி வந்து உங்கள் தேநீர்க் கரண்டிக்கு வரி போடப் போகிறார்?

ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போலத்தான் செய்தேன். கிராம மண்டபத்தில் நாற்காலி போட்டு, "சோற்றைக் குறையுங்கள், நடங்கள், எண்ணெய் வேண்டாம்" என்று ஒரு மணி நேரம் பேசுவேன். பிரெஞ்சில் அச்சடித்த துண்டுத்தாளும் கொடுப்பேன். ஒரு நாள் ஒரு வீட்டில் மசாலா டப்பா வைத்திருந்த அலமாரியில் என் துண்டுத்தாளைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை பிடிக்காமல் இருக்க வரிசையாக விரித்திருந்தார்கள். சரி, ஏதோ ஒரு உபயோகம்.

அந்த வீட்டுத் தாந்தினைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாந்தின் என்றால் கிரியோல் மொழியில் அத்தை. வயது அறுபதை ஒட்டி. கடைசி மகன் கல்யாணம் ஆகிப் போன பிறகு வீட்டில் அவரும் கணவரும்தான். வெறும் வயிற்று ரத்தத்தில் சர்க்கரை 6.5 மில்லிமோல். 7 வந்தால் சர்க்கரை நோய். 6.1-இல் இருந்து 6.9 வரை அந்த வாசற்படி. அவர் வாசற்படியில் நிற்கிறார். கிரியோலில்தான் பேசிக்கொண்டோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"தாந்தின், தேநீருக்கு எவ்வளவு சர்க்கரை?"

"ஒரே கரண்டி. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"ஒன்று போட்டுக் காட்டுங்கள்."

என் பையில் எப்போதும் ஒரு சின்னத் தராசு இருக்கும். அவர் டின்னைத் திறந்தார். உள்ளே இருந்தது தேக்கரண்டி இல்லை, கறி பரிமாறுகிற கரண்டி. கோபுரம் மாதிரி குவித்து எடுத்துத் தாளில் கொட்டினார். 19 கிராம். ஒரு நாளைக்கு எத்தனை தேநீர் என்று விரல் விட்டு எண்ணினார். காலையில் ஒன்று, பத்து மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு மணிக்கு, அப்புறம் தொலைக்காட்சிக்கு முன்னால். ஐந்து. அதாவது 95 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரைக்கு வைத்திருக்கிற உச்சவரம்பு, சராசரி ஆளுக்கு நாளைக்கு 50 கிராம். 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். தாந்தின் தேநீரிலேயே ஏறக்குறைய இரண்டு நாள் பங்கை முடித்துவிடுகிறார். பிஸ்கட்டை இன்னும் நாம் தொடவே இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளில் குவிந்திருந்த சர்க்கரையை அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தா கரும்பு வெட்டினார், நான் தின்று தீர்க்கிறேன் போல" என்று சிரித்தார். "எதை மாற்றலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன். கரண்டியை மாற்றுகிறேன் என்றார். தேநீரை விட மாட்டேன், எண்ணிக்கையையும் குறைக்க மாட்டேன், தேக்கரண்டி போட்டுக்கொள்கிறேன், ஒன்றுதான், தட்டையாக. அதுதான் ஒப்பந்தம். நான் கொண்டுபோயிருந்த பெரிய பட்டியலைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை. தட்டையான தேக்கரண்டி 4 கிராம். ஐந்து தேநீருக்கு 20.

ஆலோசனை என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். கேட்க வேண்டும், அளக்க வேண்டும், எதை மாற்றுவது என்று அவர் வாயாலேயே வர வேண்டும். அப்புறம் முக்கியமாக, திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போகாத ஆலோசனை வெறும் உபதேசம். மண்டபத்தில் நான் செய்தது அதுதான்.

நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை இது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாசற்படியில் நின்ற 531 பேர். நம்மைப் போலச் சோறும் குழம்பும் சாப்பிடுகிற ஆட்கள். சும்மா விட்ட கூட்டத்தில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாடும் பற்றிப் பேசி, தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் பார்த்த கூட்டத்தில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை கொடுத்த கூட்டத்திலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த ஆலோசனை பெற்ற கூட்டத்தில் எடை பெரிதாக இறங்கவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. "எடை இறங்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்" என்று என்னிடம் சொல்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்திலும் இப்படி அமைவதில்லை. கேரளத்தில் 60 பகுதிகளில் 1007 பேரை வைத்து, அக்கம்பக்கத்தவர்களையே தலைவர்களாக்கி, ஓராண்டு கூட்டம் கூட்டமாகப் பேசிப் பார்த்தார்கள். காய்கறி, பழம் கூடியது, ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு மண்டபத்து நாற்காலிகள்தான் ஞாபகம் வந்தன. கூட்டத்தில் தலையாட்டுவது சுலபம். சமையலறை அலமாரியைத் திறந்து காட்டுவது கஷ்டம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். நம் பாட்டிமார் செய்த முரூம் கீரை, பிபெங்காய், ரசோன் எல்லாம் இன்னும் இருக்கிறது. முரூம் நம் முருங்கைதான், பிபெங்காய் பீர்க்கங்காய்தான், ரசோன் ரசம்தான். பேர் கிரியோல் ஆகிவிட்டது, பொருள் போகவில்லை. காவடி நாளில் வாழை இலையில் ஏழு கறி போடுகிறோமே, அந்த இலையைப் பாருங்கள். காய்கறிதான் நிறைய, சோறு நடுவில் கொஞ்சம். அடுத்த நாளே தலைகீழாகிவிடுகிறது. காலையில் ரொட்டிக்குள் கத்தோ பிமா, அதாவது வெள்ளை மாவுக்குள் நம் பருப்பு வடை, எண்ணெயோடு. மதியம் சோறு. மாலையில் பராத்தா. அரசாங்கம் விலை குறைத்துக் கொடுக்கிற அரிசியும் வெள்ளை மாவும்தான் ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டில் முதலில் காய்கறியைப் போட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் சோற்றைப் போடுங்கள். அரிசி அதேதான், அளவு தானாகக் குறையும்.

நடை. நம் கிராமச் சாலைகளில் நடைபாதை இல்லை, மாலையில் வண்டிகள் வேகமாகப் போகும், நாய்கள் வேறு. பெண்களைத் தனியாக நடக்கச் சொல்ல எனக்கே மனம் வராது. அதனால் எங்கள் ஊரில் கோயிலைச் சுற்றுகிறோம். வெளிச்சம் இருக்கிறது, மதில் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். சாப்பிட்டதும் நடந்தால் கால் தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலின் அதிகம் தேவைப்படாது. முதல் வாரம் நான்கு பேர். இப்போது ஐயர் பிராகார விளக்கைக் கொஞ்ச நேரம் கூட எரிய விடுகிறார். ஒரு விஷயம்: ஏற்கனவே மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் குறைக்க வேண்டாம்.

உங்கள் ஊர் டிஸ்பென்சரியில் ரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. வெறும் வயிற்றோடு போங்கள், எண்ணைத் தாளில் எழுதி வாங்கி வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து தாந்தின் வீட்டுக்குப் போனேன். டின்னில் தேக்கரண்டி இருந்தது. பழைய கரண்டி குழம்புச் சட்டிக்குத் திரும்பிவிட்டது. வெறும் வயிற்றில் 6.0. எனக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் கேட்காமலே டின்னை என் பக்கம் தள்ளினார். நான் கரண்டியை எடுத்தேன். அவர் என் பையைத் திறந்து தராசை வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

வணக்கம்.