ஏழுக்கு நாலு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணன்களுக்கும், தங்கைக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எல்லை தாண்டிய மனிதருக்குப் பெரிய காவல் நாட்டின் இறையாண்மையா, உலகப் பொது நெறியா என்பது தலைப்பு. நான் உலகப் பொது நெறியின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு வீட்டு உவமை சொன்னார். வீடு என்றால் கதவு உண்டு, திறப்பதும் சாத்துவதும் வீட்டுக்காரர் இஷ்டம், இதில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். எனக்கும் அந்த உவமை பிடித்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, கதவைச் சாத்துவதற்கு முன்னால் வெளியே நிற்பது யார் என்று ஒரு தடவை பார்க்க வேண்டாமா? எங்கள் அப்பாயி, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், வெளியூரிலிருந்து வந்து கதவைத் தட்டியவர் இல்லை. அந்த வீட்டு அடுப்படியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

அப்பாயி பிறந்தது இலங்கையில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டு அறையில். அவருடைய தாத்தா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணி, தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர், கூட்டிப்போன குடும்பம். அப்போது இந்தக் கரையும் பிரிட்டிஷ்காரன் கையில், அந்தக் கரையும் பிரிட்டிஷ்காரன் கையில். முதலில் காப்பி, காப்பிச் செடிக்கு நோய் வந்து அழிந்த பிறகு தேயிலை. காட்டை அழித்தது, பாதை வெட்டியது, கொழுந்து பறித்தது எல்லாம் இவர்கள். நூறு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. யாரும் யாரிடமும் நீ எந்த நாடு என்று கேட்கவில்லை, ஏனென்றால் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது.

1948 பிப்ரவரி 4 இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருடம் நவம்பர் 15, இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. நீ இந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்த கூலிக்காரருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் இந்தத் தோட்டத்து மக்கள், அதாவது மலையகத் தமிழர்கள், ஏழு பேரைத் தங்கள் கட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் தலைவர் தொண்டமான் மறுபடியும் தேர்தலில் வென்று உள்ளே போக 1977 ஆகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எங்கள் அணியின் வழக்கே இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதில் யார் சட்டத்தை மீறினார்கள்? யாரும் மீறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், முறையான வாக்கெடுப்பு, யார் தன் குடிமக்கள் என்று முடிவு செய்ய ஒரு புது நாட்டுக்கு இருக்கும் உரிமை. அண்ணன் சொன்ன இறையாண்மை இதைவிடச் சுத்தமாக எங்கே இயங்கியிருக்கிறது? இறையாண்மை கெட்டுப்போனதால் வந்த கொடுமை இல்லை இது. அது தன் முழுப் பலத்தோடும் சட்டப்படியும் வேலை செய்ததால் வந்தது.

சரி, இந்தப் பக்கம் இந்தியா என்ன சொன்னது? நேரு, அவர்கள் இலங்கையில் வாழ்கிறவர்கள், இலங்கையின் பொறுப்பு என்றார். நியாயமான பேச்சுதான், நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதுவும் இறையாண்மைதான். இரண்டு நாடும் தன் தன் உரிமையில் சரியாக நின்றன, நடுவில் இருந்த மனிதருக்கு நிற்க இடமில்லாமல் போனது. அங்கே அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், 'கள்ளத்தோணி' என்று. தோணியே ஏறாத என் அப்பாயியையும் சந்தையில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது இந்த வயதிலும் அவர் குரல் மாறும்.

அப்புறம் 1964 அக்டோபர் 30. டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போடுகிறார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதை நடைமுறைப்படுத்த ஒரு விகிதம் வைத்தார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இலங்கையில் நாலு பேருக்குக் குடியுரிமை. ஏழுக்கு நாலு. மூட்டைக்கும் பெட்டிக்கும் போடும் கணக்கு இது. விண்ணப்பம் போடச் சொன்னார்களே, விருப்பம் கேட்டார்களே என்று எதிரணி சொல்லலாம். கேட்டார்கள். ஆனால் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் கேட்டார்கள். ஒப்பந்தம் பேசிய மேசையில் தோட்டத்து மக்கள் சார்பாகக் கையெழுத்துப் போட ஒரு நாற்காலிகூட இல்லை.

அப்பாயி அந்த ஏழில் வந்தார். அவர் தம்பி அந்த நாலில் நின்றுவிட்டார். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு வரும் ரயிலுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போகிறவர்களைப் பிடித்துக்கொண்டு, நிற்கிறவர்கள் மாரில் அடித்து அழுவார்களாம். தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் சில நாட்கள், பிறகு நீலகிரி. இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து. அரசு செய்த அந்த உதவியை எங்கள் குடும்பம் மறக்காது. ஆனால் இங்கே அவருக்குப் பெயர் 'சிலோன்காரி'. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசுக் காகிதம் சொன்னது. அவர் அதற்கு முன்னால் பார்த்தே இராத தாயகம். 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கரையில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

எதிரணித் தங்கை கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். 'உங்கள் உலகப் பொது நெறி அப்போது எங்கே போனது, தூங்கிக்கொண்டிருந்ததா' என்று கேட்டார். நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன். இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக 25 நாள் கழித்து, 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்கிறது. அதன் 15வது பிரிவு சொல்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு, யாருடைய குடியுரிமையையும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்று. 25 நாள்! அந்தப் பிரிவு அப்பாயியைக் காப்பாற்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஏன் காப்பாற்றவில்லை? அது பிரகடனம்தான், நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை. நாடற்றோருக்காக 1954இலும் 1961இலும் ஒப்பந்தங்கள் வந்தன, இரண்டிலும் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. தங்கை சொல்வது பொது நெறி பலமில்லாமல் இருந்ததற்குச் சான்று. அது வேண்டாம் என்பதற்குச் சான்று இல்லை. கிணற்றில் விழுந்தவருக்குப் போட்ட கயிறு குட்டையாக இருந்தது என்றால் நீளமான கயிறு கொண்டுவர வேண்டும், கயிறே வேண்டாம் என்று திரும்பிப் போகக் கூடாது.

கயிறு எட்டிய இடங்களும் இருக்கின்றன. முதல் உலகப் போருக்கும் ரஷ்யப் புரட்சிக்கும் பிறகு லட்சக்கணக்கானவர்கள் காகிதம் இல்லாமல் ஐரோப்பாவில் அலைந்தார்கள். சோவியத் அரசு அவர்கள் குடியுரிமையைப் பறித்துவிட்டது. அதுவும் இறையாண்மைதான். 1922இல் நான்சென் என்ற நார்வேக்காரர், பனிக்கடலில் பயணம் செய்து பெயர் பெற்றவர், ஐ.நா.வுக்கு முன்னால் இருந்த சர்வதேச சங்கத்தின் பெயரில் ஒரு பயணச் சீட்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். எந்த நாடும் கொடுக்காத கடவுச்சீட்டு அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. ஓவியர் ஷகால், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி கையிலெல்லாம் அந்தச் சீட்டு இருந்தது. பெயர் தெரியாத தையல்காரர், டிரைவர் கையிலும் இருந்தது, எனக்கு அவர்கள்தான் முக்கியம். அண்ணன் பெருமையோடு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாரே, நம் நாட்டுக் கடவுச்சீட்டு, அந்தப் புத்தகம் எந்த அளவில் இருக்க வேண்டும், இயந்திரம் படிக்கும் அந்த இரண்டு வரியில் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதி. அந்தப் பொது விதி இல்லையென்றால் அண்ணன் கையில் இருப்பதை வெளிநாட்டு விமான நிலையத்து இயந்திரத்தால் படிக்க முடியாது.

இப்போது நம் ஊருக்கே வருவோம். 1983க்குப் பிறகு படகேறி வந்த ஈழத் தமிழர்கள், அவர்களோடு கலவரத்துக்குப் பயந்து வந்த மலையகத் தமிழர்கள். நாற்பது வருடம் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முகாமிலேயே பிறந்து முகாமிலேயே கல்யாணம் முடித்து, அவர்கள் பிள்ளைகளும் முகாமிலேயே பிறந்திருக்கிறார்கள். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது, வீடும் கட்டிக்கொடுக்கிறது, நல்லது. ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் அகதி என்பவர் யார் என்பதற்கு வரையறையே கிடையாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் உயிருக்குப் பயந்து வந்தவரும் விசா முடிந்து ஒளிந்துகொண்டவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. 2025இல் ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்றது அது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டிலும் சந்தோஷப்பட்டார்கள். நான் எதிரணியைக் கேட்கிறேன், விலக்கும் உரிமையும் ஒன்றா? ஒரு ஆணையால் வந்தது இன்னொரு ஆணையால் போகலாம். நம் அரசு கருணை இல்லாத அரசு என்று நான் சொல்லவில்லை, நாற்பது வருடம் சோறு போட்டிருக்கிறது. கருணைக்குக் காத்திருக்கும் நிலையில் ஒரு மனிதரை மூன்று தலைமுறைக்கு வைத்திருக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

இதே மக்களில் ஒரு பகுதியினர் கனடா போனார்கள். கனடா 1969இலேயே அகதிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1976 குடிவரவுச் சட்டத்தில் அகதி என்ற சொல்லுக்கு அந்த ஒப்பந்தத்தின் வரையறையையே எழுதிக்கொண்டது. 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அடைக்கலம் கேட்டு வந்தவரின் நம்பகத்தன்மையைச் சந்தேகித்தால் நேரில் உட்காரவைத்துக் கேட்காமல் நிராகரிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒரே கலவரத்தில் ஒரே தெருவிலிருந்து ஓடிய இரண்டு பேரில் ஒருவர் அங்கே வாக்குச்சாவடி வரிசையில் நிற்கிறார், இன்னொருவர் இங்கே முகாம் கணக்கெடுப்பு வரிசையில் நிற்கிறார். கனடா தன் இறையாண்மையை இழந்துவிட்டதா என்ன? கொடியும் இருக்கிறது, எல்லைக் காவலும் இருக்கிறது, தகுதி இல்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. ஒரு விதிக்குக் கட்டுப்பட்டுத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

'உலகமே கிளம்பி வந்துவிட்டால்' என்று ஒரு பயம் கிளப்பினார் அண்ணன். 2024இல் ஐ.நா. கணக்குப்படி பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்கிறவர்கள் சுமார் 30 கோடியே 40 லட்சம் பேர். உலக மக்கள்தொகையில் 4 சதவீதம்கூட இல்லை. மனிதர்கள் சும்மா ஊரை விட்டுக் கிளம்புவதில்லை. அப்பாயி எங்கேயும் கிளம்ப நினைக்கவே இல்லை. அவரைக் கிளப்பியது இரண்டு அரசாங்கங்கள்.

2003இல் இலங்கை நாடாளுமன்றமே சட்டம் போட்டு மீதி மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்ததே, அது இறையாண்மை இல்லையா என்று அடுத்துப் பேச வரும் தம்பி கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஆமாம், இலங்கை கொடுத்தது, அதற்கு நன்றி. சட்டம் வந்தபின் ஐ.நா. அகதிகள் ஆணையமும் கைகோத்து, தோட்டம் தோட்டமாக ஆள் அனுப்பி விண்ணப்பம் வாங்கியதில் பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து வருடம் முடியாது என்று இருந்த வேலை, பத்து நாள். அப்பாயியின் தம்பி பக்கத்து உறவுக்காரர்கள் சிலர் அந்தப் பத்து நாளில்தான் நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார், முடித்துவிடுகிறேன். வருகிற தம்பி வேறு எதற்குப் பதில் சொல்கிறாரோ இல்லையோ, இந்த ஒன்றுக்கு மட்டும் சொல்லட்டும். 1948 நவம்பர் 15இலிருந்து 1964 அக்டோபர் 30 வரை, பதினாறு வருடம், அட்டன் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அப்பாயி நியாயம் கேட்க எந்த அரசின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்?