கணக்கு நோட்டில் ஒரு உலகக் கோப்பை

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்துக் கால்பந்துக் கிளப்புகளின் சரித்திரத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, அரை மணி நேரமாவது வேண்டுமே என்றேன். கால் மணிதான் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். இந்தப் பித்து எனக்குப் பிடித்து வெகு காலம் ஆகிறது. பெரிய கிளப்புகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சின்ன ஊர், சந்தா பிரித்து ஓடும் டீம், மழை பெய்தால் குளமாகிவிடும் மைதானம். என் விஷயம் அதுதான்.

ஒரு மேட்ச் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பையன்கள் போய்விடுவார்கள். இருட்டிக்கொண்டு வரும். மைதானத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் இருப்பார். நெட்டை அவிழ்த்துச் சுருட்டுவார். மூலைக் கொடிகளைப் பிடுங்குவார். ஜெர்சிகளை எண்ணுவார், எப்போதும் ஒன்று குறையும். அவர் சட்டைப் பையில் ஒரு நோட்டு இருக்கும். செயலாளரோ பொருளாளரோ, பல ஊர்களில் இரண்டும் அவரேதான். நீங்கள் எங்கே பந்து பார்த்திருந்தாலும் இந்த மனிதரைப் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் சில வருஷம் அந்த வேலை பார்த்தவன். எனக்கு ஆட்டம் வரவில்லை, கூட்டல் கழித்தல் வந்தது. நோட்டைக் கையில் திணித்துவிட்டார்கள்.

அதனால் எனக்கு ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளப்பின் சரித்திரத்தைத் தேடி வருகிறவர்கள் நேரே கோப்பை அலமாரிக்குப் போவார்கள். நான் கணக்கு நோட்டைக் கேட்பேன். இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளப் என்ற ஒன்று எப்படி வந்தது? அதற்கு முதலில் வேண்டியிருந்தது ஓய்வு, பந்தெல்லாம் அப்புறம்தான். இங்கிலாந்தில் 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் சிறு வயதினருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது. அந்த அரை நாள் மெள்ள மெள்ள மற்றத் தொழில்களுக்கும் பரவியது. 2 மணிக்கு விடுபட்டவன் கைகால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டு, மைதானத்துக்கு வந்து சேர 3 மணி ஆகாதா? சனிக்கிழமை 3 மணி ஆட்டம் என்ற வழக்கம் அங்கே வேர்விட்டதற்குப் பின்னால் இந்த அரை நாள் லீவு இருக்கிறது.

இன்றும் உயிரோடிருக்கும் கால்பந்துக் கிளப்புகளில் மூத்தது ஷெஃபீல்டு, பிறந்தது 1857-ல். 1860-ல் பக்கத்திலேயே ஹாலம் என்ற கிளப் வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 26 அன்று இரண்டும் மோதின, ஷெஃபீல்டு ஜெயித்தது. அந்த ஆட்டம் நடந்த சாண்டிகேட் மைதானத்தில் ஹாலம் இன்றைக்கும் ஆடுகிறது. லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடிப் பொது விதிகளை எழுதத் தொடங்கியது 1863-ல்தான். அதுவரைக்கும் ஊருக்கு ஒரு சட்டம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம். கையால் பிடிக்கலாமா, காலைத் தட்டலாமா என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். சின்ன வயதில் நாம் எல்லோரும் செய்ததுதானே? பந்து கொண்டுவந்தவன் சொன்னதுதான் சட்டம்.

சரி, கிளப் பிறந்துவிட்டது. அடுத்த நாளே செலவும் பிறக்கும். பந்து ஒரு தடவை வாங்குகிற சாமான், ஜெர்சி சில வருஷம் தாங்கும். ஒரு சிறு கிளப்பின் கழுத்தைப் பிடிப்பது பயணச் செலவு. வெளியூர் மேட்ச் என்றாலே பொருளாளர் முகம் மாறிவிடும். ஜெயித்து ஜெயித்து மேலே போகப் போக தூரமும் கூடிக்கொண்டே போகும். தோற்றால் வீட்டிலேயே இருக்கலாம், செலவில்லை. இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. இதோ கதைக்கு வருகிறேன், நான் இங்கே வந்ததே இந்தக் கதையைச் சொல்லத்தான்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹாம் வட்டாரத்தில் வெஸ்ட் ஆக்லாந்து என்று ஒரு கிராமம். நியூசிலாந்து ஆக்லாந்து வேறே. அந்த நகரத்துக்குப் பெயர் தந்த ஆக்லாந்து பிரபு, இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானம் இருக்கிறதே, அந்த ஈடன் இவர்கள் குடும்பப் பெயர்தான். அது போகட்டும், கிராமத்துக்கு வருவோம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளிகள். சுரங்கம் என்றால் சாதாரணம் இல்லை. 1909 பிப்ரவரியில் அதே டர்ஹாமில் வெஸ்ட் ஸ்டான்லி என்ற இடத்தில் சுரங்கம் வெடித்து 168 பேர் செத்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், இந்த வெஸ்ட் ஆக்லாந்துக்காரர்கள் பந்தாட இத்தாலிக்குப் புறப்பட்டார்கள்.

இத்தாலிக்கு எதற்கு? டுரின் நகரத்தில் ஒரு போட்டி. கோப்பை கொடுத்தவர் சர் தாமஸ் லிப்டன். ஆமாம், தேயிலை லிப்டனேதான். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர். 1890-ல் இலங்கை மலைநாட்டில் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதென்ன தோட்டம் அவருடையது. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் போன நம் சனங்கள். டுரினில் அந்த வெள்ளிக் கோப்பை பளபளத்ததே, அந்தப் பளபளப்பில் கொஞ்சம் அவர்கள் முதுகில் சுமந்த கூடையும் இருக்கிறது. கால்பந்து சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து டீம்கள் தயார். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் மட்டும் டீம் அனுப்ப முடியாது என்றுவிட்டது. அப்படியானால் இந்தக் கிராமத்துக்கு அழைப்பு எப்படிப் போனது? லிப்டனின் ஆட்கள் கூப்பிட நினைத்தது லண்டனில் இருந்த உல்விச் ஆர்சனல் என்ற கிளப்பை, 'டபிள்யூ ஏ' என்ற எழுத்துகளைப் பார்த்து யாரோ வெஸ்ட் ஆக்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. இதற்கு ஆதாரம் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதால் நூறு வருஷமாக உயிரோடிருக்கிற கதை. எப்படியோ அழைப்பு வந்தது. ஆனால் பயணச் செலவு? பார்த்தீர்களா, திரும்ப நோட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் ஆட்டக்காரர்கள் பணம் புரட்டினார்கள் என்று அந்த ஊரில் சொல்லுவார்கள். போனால் கூலியும் போச்சு. சம்பளமில்லாமல் ஆடும் அமெச்சூர் ஆட்டக்காரன் சுரங்கத்தில் இறங்காத நாளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

போனார்கள். முதலில் ஸ்டுட்கார்ட் டீமை 2-0 என்று அடித்தார்கள். இறுதி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர், அதுவும் 2-0. கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். ஃபிஃபா நடத்திய முதல் உலகக் கோப்பை 1930-ல்தான். அதற்கு 21 வருஷம் முன்பே ஒரு கிராமம் வெளிநாட்டுக்குப் போய்ப் பல நாட்டு டீம்களுக்கு நடுவே கோப்பை வாங்கி வந்துவிட்டது. முதல் உலகக் கோப்பை எங்களுடையது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டுமே.

1911-ல் கோப்பையைக் காத்துக்கொள்ள மறுபடி டுரின். சூரிக் டீமை 2-0, இறுதியில் எதிரே யார் தெரியுமா? இன்றைக்கு இத்தாலியின் பெரிய கிளப்பான யுவெண்டஸ். 6-1. கேட்டீர்களா, ஆறுக்கு ஒன்று! யுவெண்டஸ் அப்போது இன்றைய யுவெண்டஸ் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஆறு ஆறில்லாமல் போய்விடுமா? இரண்டு தடவை தொடர்ந்து ஜெயித்ததால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே சொந்தமாகிவிட்டது.

இங்கேதான் கதை முடிகிறது, கோப்பை அலமாரியைப் பார்க்கிறவர்களுக்கு. நோட்டைப் பார்க்கிறவனுக்கு இங்கேதான் ஆரம்பம். இரண்டு தடவை இத்தாலி போய் வந்த செலவில் கிளப் கடனில் இருந்தது. கடன்காரன் கோப்பையைப் பார்த்துக் கைதட்டுவானா? ஊரில் ஹோட்டல் நடத்திய ஒரு அம்மாளிடம் 40 பவுண்டு வாங்கினார்கள். ஈடாக வைக்க அவர்களிடம் வேறு என்ன இருந்தது? கோப்பைதான். யுவெண்டஸை ஆறு கோல் போட்டு வாங்கிவந்த அதே கோப்பை.

நம் வீடுகளில் நகை அடகு வைத்த அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. அடுத்த மாசம் மீட்டுவிடலாம் என்று வைப்போம். அடுத்த மாசம் என்பது அடுத்த வருஷமாகும். இங்கேயும் அதேதான். அந்த அம்மாள் பிறகு லிவர்பூல் பக்கம் குடிபோனார், கோப்பையும் கூடவே போய்விட்டது. 1911-ல் போன கோப்பை 1960-ல்தான் திரும்பி வந்தது. 49 வருஷம்! ஊர்க்காரர்கள் 100 பவுண்டு திரட்டி மீட்டார்கள். 40-க்கு வைத்து 100-க்கு மீட்டது, அரை நூற்றாண்டு வட்டி என்று பார்த்தால் அநியாயம் இல்லை. எந்த அடகுக்கடையும் இவ்வளவு கருணை காட்டாது. முழுகிப்போனது என்றே சொல்லியிருப்பார்கள்.

கோப்பை திரும்பி வந்த மறு வருஷம், 1961-ல், அவர்கள் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு லண்டனின் வெம்ப்ளி மைதானம் வரைக்கும் போனார்கள். வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1 என்று தோற்றார்கள். பிறகு 2012-லும் 2014-லும் சிறு கிளப்புகளுக்கான வேறொரு கோப்பையின் இறுதிக்கு அதே வெம்ப்ளி போய் இரண்டு தடவையும் தோல்வி. டுரினில் இரண்டுக்கு இரண்டு, சொந்த நாட்டு வெம்ப்ளியில் மூன்றுக்கு மூன்றும் போச்சு.

கோப்பைக்கு இன்னும் கஷ்டகாலம் தீரவில்லை. 1994 ஜனவரியில் அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், கிடைக்கவே இல்லை. அந்த ஊரில் இப்போது இருப்பது அதே மாதிரி செய்த நகல். கோப்பைகளுக்கு இது தலைவிதி போலிருக்கிறது. இங்கிலாந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் முதல் கோப்பை 1895-ல் பர்மிங்காமில் ஒரு கடையில் காட்சிக்கு வைத்த இடத்தில் காணாமல் போனது. அந்நாளைய உலகக் கோப்பையான ஜூல்ஸ் ரிமே கோப்பையை 1966-ல் ஒரு நாய் மோப்பம் பிடித்து மீட்டது, 1983-ல் பிரேசிலில் திருடு போனபோது நாய் எதுவும் உதவிக்கு வரவில்லை. கணக்கு நோட்டை யாரும் திருடுவதில்லை, கவனியுங்கள். அதைப் பழைய பேப்பர்காரருக்கு நாமே போட்டுவிடுகிறோம்.

லிப்டன் கதையையும் முடித்துவிடுகிறேன். ஊருக்கெல்லாம் கோப்பை கொடுத்த மனிதர், தனக்கென்று ஆசைப்பட்டது ஒரே கோப்பைக்கு, படகுப் பந்தயத்தில் அமெரிக்கா கோப்பை. 1899-லிருந்து ஐந்து தடவை முயன்றார், ஐந்தும் தோல்வி. கடைசித் தோல்வி எந்த வருஷம்? ஃபிஃபாவின் முதல் உலகக் கோப்பை நடந்த அதே 1930.

அமெச்சூர் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று சங்கம் ஒத்துக்கொண்டது 1885-ல். அதற்குப் பிறகும் சம்பளம் வாங்காதவர்கள் என்று ஒரு தனி ஜாதி மாதிரி அமெச்சூர்கள் இருந்தார்கள். வாங்காதவர்கள் என்றால் நோட்டில் எழுதாமல் வாங்குபவர்களும் அதில் அடக்கம். ஆட்டம் முடிந்து உடை மாற்ற வந்தால் ஷூவுக்குள் காசு இருக்கும். யார் வைத்தது? தெரியாது. 1974-ல் சங்கம் இந்த வித்தியாசத்தையே எடுத்துவிட்டது, எல்லோரும் ஆட்டக்காரர்கள்தான் என்று.

இதில் அடிபட்ட கிராமம் ஒன்று, ஸ்காட்லாந்தின் ரென்டன். 1888-ல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்று, இங்கிலாந்தின் கோப்பையை வென்ற வெஸ்ட் பிராம்விச்சையும் 4-1 என்று அடித்து, உலகச் சாம்பியன் என்று தங்கள் மைதானத்தில் போர்டு மாட்டிக்கொண்டது. ஆனால் சம்பளம் தரும் கிளப்புகள் ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டே இருந்தன. ஒரு கிராமம் எத்தனை பேரைப் பிடித்து வைக்கும்? 1897-ல் லீக்கை விட்டு வெளியேறியது, 1922-ல் கிளப்பே மூடப்பட்டது. இந்த ஊருக்குத் தனியாக ஒரு உரையே வேண்டும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். நான் பெண்களைப் பற்றி நிறையப் பேச எழுதி வைத்திருந்தேன், லிப்டன் சாப்பிட்டுவிட்டார். ஒன்று மட்டும். 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஐம்பது வருஷம் போல அது நின்றது. அதனால் உங்கள் ஊர்க் கிளப்பில் பாட்டி ஒருவர் நானும் ஆடினேன் என்று சொன்னால் சிரிக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். ஜெர்சி துவைத்தவர்களையும் கேளுங்கள், எந்த மேட்ச் சேற்றில் நடந்தது என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

அப்புறம், கிளப் சரித்திரம் எழுத நினைப்பவர்களுக்குப் பத்து யோசனை வைத்திருந்தேன். ஒன்றுக்குத்தான் நேரம். பழைய டீம் போட்டோவை எடுத்துக்கொண்டு ஊரில் மூத்த ஆட்டக்காரரிடம் இந்த வாரமே போங்கள். நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம் பெயர் கேட்டுப் போட்டோவின் பின்பக்கம் எழுதுங்கள். ஓரத்தில் ஜெர்சி போடாமல், கையில் நோட்டோடு ஒருவர் நிற்பார். அவர் பெயரையும் கேளுங்கள். பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

வணக்கம்.